ஜுக்கர்பெர்க்கை எந்தத் தாலுகாவில் தேடுவது?

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கும் ஒருவர், படிப்படியாக இறங்கும் தன் தோட்டத்தையும் கட்டிவைத்த பூண்டையும் போனில் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே படங்களை எடுத்து, அவர் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி, யாரோ முன்பணம் வசூலிக்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. நம்பிப் பணம் போட ஆள் உண்டு. ஏமாந்தவர்கள் திட்டுவதோ அசல் ஆளை. அவர் யார் சட்டையைப் பிடிப்பது?

கம்பெனித் தலைவரையே வாய் திறக்க வைத்த மலைதான் இது. யூனிலீவர் குழுமத்தின் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு விவகாரம் வெடித்து 2001-இல் மூடப்பட்டது. 2015-இல் சென்னை ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் இதைப் பற்றிப் பாடிய பாட்டு இணையத்தில் பரவியதும், யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன் ட்விட்டரிலேயே பதில் எழுதினார். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. பாட்டு மட்டுமே சாதித்த காரியம் அல்ல. ஆலை இங்கே இருந்தது. பாதரசம் இந்த மண்ணில் கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2006 முதல் வழக்கு இருந்தது.

ட்விட்டருக்கும் ஃபேஸ்புக்குக்கும் மறியல் செய்ய அப்படி ஓர் ஆலை வாசல் இல்லை. 2019 பிப்ரவரியில் அனுராக் தாக்கூர் தலைமையிலான நாடாளுமன்றக் குழு ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியை அழைத்தது. அவர் வரவில்லை. 25-ஆம் தேதி வந்தவர் கொள்கைப் பிரிவு அதிகாரி காலின் குரோவெல்.

ஃபேஸ்புக் தலைவர் மார்க் ஜுக்கர்பெர்க் கதையும் ஏறத்தாழ இதுதான். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், ஃபேஸ்புக் பயனாளர்களின் தகவலைத் திரட்டிய செயலியை இந்தியாவில் இறக்கியவர்கள் 335 பேர். நண்பர்கள் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5.62 லட்சம் பேர் என்று ஃபேஸ்புக்கே கணக்குச் சொன்னது. 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பதில் சொன்னவர், டெல்லிக்கு வந்து சொல்லவில்லை. 2025 ஜனவரியில், 2024 தேர்தல்களில் ஆட்சியில் இருந்தவர்கள் தோற்ற நாடுகளோடு இந்தியாவையும் சேர்த்து ஒரு பேட்டியில் பேசிவிட்டார். அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் மறுத்தார். நாடாளுமன்றக் குழுத் தலைவர் நிஷிகாந்த் துபே, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குச் சம்மன் அனுப்புவோம் என்றார். கடைசியில் மன்னிப்புக் கேட்டவர் மெட்டாவின் இந்திய அதிகாரி சிவ்நாத் துக்ரால். உளறியது ஒருவர், கைகட்டி நின்றது இன்னொருவர்!

இத்தனைக்குப் பிறகும் ஜுக்கர்பெர்க்கின் நாற்காலி ஆடாததற்குக் காரணம் பங்குக் கணக்கு. மெட்டாவில் 'பி' வகைப் பங்கு ஒன்றுக்கு 10 வாக்கு. அவற்றில் பெரும்பங்கு ஜுக்கர்பெர்க் கையில் இருப்பதால், பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அவருடையவை. மற்ற பங்குதாரர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்தாலும் அவரை இறக்க முடியாது.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போகிறது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள நிறுவனம், இங்கேயே குடியிருக்கும் குறைதீர்ப்பு அதிகாரியையும் தலைமை இணக்க அதிகாரியையும் நியமித்தாக வேண்டும். நிறுவனம் கடமையில் தவறினால் வழக்கில் மாட்டுபவர் இந்த இணக்க அதிகாரி. புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, 15 நாளில் முடிக்க வேண்டும் என்று அந்த விதிகள் கெடு வைத்தன. முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இது 2022 திருத்தத்தில் வந்த வசதி.

ஆக, நம் பூண்டுக்காரர் முதலில் போலிக் கணக்கைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பணம் பறிபோனவர்கள் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போட வேண்டும். ஃபேஸ்புக்குக்கு அனுப்பும் புகாரில் 'பெறுநர்' இடத்தில் எழுத வேண்டியது, குறைதீர்ப்பு அதிகாரி.