மின்னியது நக்ஷத்திரமா?

"அக்கா, புது நக்ஷத்திரம்! சீக்கிரம் வாங்களேன்!"

திருவொற்றியூரில் உறவினர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அவர்களுடைய காலேஜ் பெண் கூவினாள். நான் படியேறி ஓடி, டெலஸ்கோப்பில் கண்ணை வைப்பதற்குள் ஒளி மறைந்துவிட்டது.

"இப்பத்தான் பளிச்சுன்னு அடிச்சுது, சத்தியமா!" என்றாள். பாவம், குரல் கம்மியது. அந்த நக்ஷத்திரத்துக்குத் தன் பெயரையே வைப்பார்கள் என்றுகூட நினைத்துவிட்டாளாம்!

அவள் கண்டது பொய்யல்ல. மாலையில் கோயில் வாசலில் இருட்டு கவிந்த பிறகும் கோபுரக் கலசம் கடைசி வெயிலில் தகதகப்பதைப் பார்த்திருப்பீர்கள். செயற்கைக் கோளும் அப்படித்தான். கீழே நமக்கு இரவு. உயரத்தில் அதற்கு இன்னும் பகல். அதன் தகடு சரியான கோணத்தில் திரும்பினால், முற்றத்து எவர்சில்வர் தட்டு கண்ணில் அடிப்பதுபோல் ஒரு கணம் வெயிலை நம் பக்கம் வீசும். 36,000 கிலோமீட்டர் உயரத்துக் கோளானால் அந்த ஒரு கணத்தில் நகர்வதே தெரியாது. அசல் நக்ஷத்திரம் போலவே ஏமாற்றும்!

எந்தக் கோள் என்று எப்படி அறிவது? கடிகாரம்தான் முதல் சாட்சி. மின்னிய நேரத்தை விநாடி பிசகாமல் குறிக்க வேண்டும். எந்த நக்ஷத்திரத்துக்குப் பக்கத்தில் என்பதையும் குறிக்க வேண்டும். அந்த விநாடியில் அந்த இடத்தைக் கடந்த கோள் எது என்று சுற்றுப்பாதைக் கணக்கைப் பார்த்தால் ஆசாமி அகப்பட்டு விடுவான். விட்டு விட்டு ஒரே சீராக மின்னினால், பெரும்பாலும் அது செயலிழந்து புரளும் பழைய கோள் அல்லது ராக்கெட் துண்டு. 1950-களின் இறுதியில் நைனிடாலில் வைத்த பேக்கர்-நன் காமிராவும் நக்ஷத்திரங்களின் நடுவே கோள்களைப் படம் பிடித்துத்தான் அவற்றின் பாதையை அளந்தது.

அனுபவசாலிகளே ஏமாந்ததுண்டு. 1984, 1985-ல் கனடாவில் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள், பெர்ஸியஸ் மண்டலத்தருகே திரும்பத் திரும்ப ஒளி வெட்டுவதைக் கண்டார்கள். ஏதோ விந்தை நக்ஷத்திரம் என்று பரபரப்பு! 1985 மார்ச் 19-ந் தேதி ஒரு மின்னல் போட்டோவிலும் விழுந்தது. ஆனால் பால் மேலி என்ற அமெரிக்கர் 1987-ல் கணக்கை வெளியிட்டார். அந்த நேரத்தில் அவ்வழியே போனது காஸ்மாஸ் 1400 என்ற ருஷ்யக் கோள்!

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீ பார்த்தபோது மணி என்ன?" என்று கேட்டேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை அப்பாவின் கைக்கடிகாரமும் நோட்டுமாக அவள் மாடியேறினாள். எண்ணூர்ப் பக்கமிருந்து ஒரே புகை மூட்டம். எட்டு மணி வரை ஒரு நக்ஷத்திரம்கூடத் தெரியவில்லை. நோட்டில் அதையும் நேரம் போட்டு எழுதி வைத்தாள்.