சீனி வருத்தமும் மனச்சுமையும்

கிளினிக் நாளன்று நமது வைத்தியசாலைகளின் விறாந்தைகளில் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். வெறுவயிற்றுடன் வந்தவர்கள் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாங்குகளில் வரிசையாக இருப்பார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் சில முகங்கள் வாடும். "இண்டைக்கும் ஏச்சு வாங்கப்போறன்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிச் சிரிப்பார் ஒருவர். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

நீரிழிவு இன்று நகரத்தாருக்கு மட்டும் உரிய நோயாக இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வடக்கு, கிழக்குத் தவிர்ந்த 7 மாகாணங்களில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ 10 பேருக்கு ஒருவர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கண்டது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். இந்நோய்க்கு என்ன உண்ண வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், காலை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது பலருக்கும் தெரியும். அது மனத்துக்கு என்ன செய்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை.

காய்ச்சல் வந்தால் ஒரு கிழமையில் மாறும். கை முறிந்தால் சில மாதங்களில் பொருந்தும். சீனி வருத்தத்துக்கோ ஓய்வு நாள் கிடையாது. காலைத் தேத்தண்ணீரிலிருந்து இரவுச் சாப்பாடு வரை ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்க்க வேண்டும். கலியாணவீட்டில் "ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது" என்று ஒருவர் பலகாரத் தட்டை நீட்டுவார். எடுத்ததும், "உனக்குச் சீனியெல்லே, இதையெல்லாம் தின்னலாமோ?" என்று மற்றவர் கேட்பார். இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவைதான். ஆனால் பத்து வருடங்களாக இதையே கேட்பவருக்கு, சபைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

வறிய குடும்பங்களில் இந்தச் சுமை இன்னும் கூடுதலானது. ஒரு பானையில்தான் சோறு வேகிறது. தனக்கென்று வேறு மரக்கறி சமைக்கச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. பிள்ளைகளுக்குப் போட்டபின் மிஞ்சுவதைச் சாப்பிடுகிறவரிடம் "உணவில் கட்டுப்பாடு வேண்டும்" என்று சொல்வது எளிது. 2022இல் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அடுத்த மாதக் குளிசை கிடைக்குமா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

இந்தச் சோர்வுக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள ஜொஸ்லின் நீரிழிவு நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் பொலொன்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1995இல் இதனை அளவிடக் கேள்விப் படிவமொன்றை வெளியிட்டனர். கட்டுப்பாடு தவறியபோது வரும் குற்ற உணர்வு, பின்னால் என்ன ஆகுமோ என்ற பயம், இந்த வருத்தத்தோடு தனித்து விடப்பட்டதுபோன்ற எண்ணம், இடைவிடாத முயற்சியால் வரும் களைப்பு ஆகியவற்றை அது கேட்கிறது. இதை நாம் 'நீரிழிவு மனச்சுமை' எனலாம். இது பைத்தியமல்ல. நீண்டகாலம் பாரம் தூக்குகிறவருக்குத் தோள் வலிப்பது போன்றது.

மனமும் சீனியும்

மனம் கலங்கினால் உடலில் சில ஓமோன்கள் கூடுகின்றன. அவை ஈரலிலிருந்து சீனியை இரத்தத்துக்கு வெளியேற்றுகின்றன. ஆகவே ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும், வீட்டில் ஒரு பிரச்சினை வந்த மாதத்தில் சீனி கூடலாம். அப்போது "களவாகத் தின்றிருப்பாய்" என்று ஏசினால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

மறுபக்கமும் உண்டு. இன்சுலின் ஊசியோ சிலவகைக் குளிசைகளோ பாவிப்பவருக்குச் சீனி திடீரெனக் குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், காரணமின்றிக் கோபம் வரும். "இந்த மனுசனுக்கு இப்ப மூக்குக்கு மேலே கோபம்" என்று பல வீடுகளில் சொல்லப்படுவதில் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம். அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பார்க்கட்டும். வாக்குவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஏச்சுக்குப் பயந்தவர்கள் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து வாயைக் கட்டி, நல்ல அளவைக் காட்டிவிட்டு வருவோர் எல்லா ஊரிலும் உண்டு. வைத்தியர் அந்த அளவை நம்பி மருந்தைக் கூட்டாமல் விடுவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும். இன்னும் சிலர் கிளினிக்குக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். காலில் புண் வந்து, விரல் கறுத்த பின்னரே இவர்களை மறுபடி வைத்தியசாலையில் காண்கிறோம். இவர்களைச் சோம்பேறிகள் என்றும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்றும் சொல்வது நியாயமல்ல என்பதே எமது எண்ணம்.

வாய்விட்டுச் சொல்லாத துன்பங்களும் இருக்கின்றன. நீரிழிவினால் ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் இயலாமை ஏற்படலாம். கணவன் வெட்கத்தால் விலகுவான், மனைவி வேறு காரணம் நினைப்பாள். சிறுவயதிலேயே இன்சுலின் போடவேண்டிவந்த பெண்பிள்ளையின் நோயைக் கலியாணப் பேச்சில் மறைத்துவிட்டு, புகுந்த வீட்டில் அவள் ஒளித்து ஊசி போடும்படி விடுகிறார்கள். வயதானவருக்கு ஊசி என்றதும் "இனி முடிவுதான்" என்ற பயம் வருகிறது.

"எனக்கென்ன விசரே?"

நமது பகுதிகளில் உளவளத்துணை என்ற சொல் யுத்தத்தோடும் 2004 சுனாமியோடும் ஊருக்குள் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய சாந்திகம் போன்ற நிலையங்கள் இழப்புற்ற எத்தனையோ பேரைத் தாங்கின. அதனாலேயே, உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் இது உரியது, சீனி வருத்தத்துக்கு எதற்கு என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது. "எனக்கென்ன விசரே?" என்று கேட்பவர்களும் உண்டு.

உளவளத்துணையாளர் மருந்து தருவதில்லை, ஊசியின் அளவை மாற்றுவதுமில்லை. அவர் முதலில் கேட்கிறார். சொன்னதை வெளியே சொல்லமாட்டார். பிறகு, எது மிகவும் கடினமாக இருக்கிறது என்பதை நோயாளியே பிரித்துப் பார்க்க உதவுகிறார். சிலருக்கு அது உணவாக இருக்காது, மருமகளின் ஒரு சொல்லாக இருக்கும். பத்து மாற்றங்களை ஒரேயடியாகச் செய்யச் சொல்லாமல், இந்தக் கிழமைக்கு முடிந்த ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார். நோயாளி விரும்பினால் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட இருத்திப் பேசுவார். ஏசாமல் எப்படி நினைவூட்டுவது என்பதை வீட்டாரும் கற்கவேண்டியிருக்கிறது.

பல ஆதார, மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, எதிலும் விருப்பமில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது சாதாரண மனச்சுமையைக் கடந்த நிலை. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் ஏனையோரைவிட ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது. அது குணப்படுத்தக்கூடியது. தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் பேசலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அடுத்த கிளினிக்கிலேயே தொடங்கலாம். வைத்தியருக்கு நேரம் குறைவு என்பது தெரிந்ததே. வரிசையில் நிற்கும்போது பேச்சு வராமல் போகக்கூடும். ஆகவே முதல்நாளே பிள்ளையைக் கொண்டு ஒரு துண்டில் எழுதுவித்து, கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள்: "இந்த வருத்தத்தோடு இருப்பது மனதுக்கு ஏலாமல் இருக்கிறது. யாருடனாவது கதைக்க வேண்டும்." அந்தத் துண்டை நீட்டினால் போதும்.