டெல்டாவில் ஓர் ஆய்வேடு – 6: அடங்கலில் யார் பெயர்?

முதுகலை அரசியல் அறிவியலில் நான்காம் பருவத்துக்கு வந்துவிட்ட நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் 'காவிரி நதிநீர்ப் பிரச்சினை – ஓர் ஆய்வு' என்பதுதான். அந்த ஆர்வத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. சோறு போட்ட ஆற்றைப் பற்றி எழுத நினைப்பது இயல்பு. ஆனால் எழுதி முடித்த பிறகு கையில் என்ன இருக்கும்? 1892, 1924 ஒப்பந்தங்கள். 1990-ல் நடுவர் மன்றம். 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்ற இறுதித் தீர்ப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆகக் குறைத்தது; அதே ஆண்டில் மேலாண்மை ஆணையம். இவற்றை வரிசையாக அடுக்கினாலே எண்பது பக்கம் நிறைந்துவிடும். அந்த எண்பது பக்கத்திலும் மாணவர் தானாகக் கண்டறிந்தது ஒரு வரிகூட இராது.

போன வாரம் நூலகத்தில் எதைப் படிப்பது, எதை விடுவது என்று பார்த்தோம். இந்த வாரம் கேள்விக்கு வருவோம். தலைப்பு எவரிடமும் இருக்கும். கேள்வி அப்படியல்ல, தேடித்தான் எடுக்க வேண்டும்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்குத் தஞ்சையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மார்ஷல் பூட்டன் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர் பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தை எடுத்துக்கொண்டு கேட்டது இதுதான்: ஆறும் ஒன்று, பயிரும் ஒன்று, மாவட்டமும் ஒன்று, அப்படியிருக்க, கிழக்கே வேரூன்றிய அளவுக்குச் செங்கொடி மேற்கே ஏன் வேரூன்றவில்லை? மாவட்டத்தைச் சாகுபடி முறைப்படி பகுதி பகுதியாகப் பிரித்தார். நிலம் சிலர் கையில் குவிந்து, எதிரே நிலமற்ற கூலித் தொழிலாளர்கள் பெருந்திரளாக நின்ற இடங்களில்தான் இயக்கம் வலுப்பெற்றது என்று காட்டினார். அவருடைய நூல் 1985-ல் வந்தது. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் 2019-லும் 2024-லும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றிருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருப்பது தெரிகிறது.

முதுகலை மாணவருக்கு ஒரு மாவட்டம் ரொம்பப் பெரிது. அரசியல் அறிவியலில் பெரும் பெயர் பெற்ற ஜேம்ஸ் ஸ்காட், மலேசியாவின் கெடா மாநிலத்தில் எழுபதுக்குச் சற்று அதிகமான குடும்பங்களே வாழ்ந்த ஒரு நெல் கிராமத்தில் தங்கித்தான், ஏழைகளின் அன்றாட எதிர்ப்பைப் பற்றிய தன் நூலை எழுதினார். அறுவடை இயந்திரம் வந்ததும் கூலி வேலை பறிபோனவர்களின் கதை அது. நம் வயல்களில் அந்தக் கதை இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது.

இந்தத் தொடர் முழுவதற்கும் ஒரே ஒரு கேள்வியை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வருவாய்க் கிராமம். ஒரே ஒரு பசலி ஆண்டு. மழையில் சம்பா மூழ்கியது, அரசு நிவாரணம் அறிவித்தது. அந்தப் பணம் உழுதவருக்குப் போனதா, பட்டாதாரருக்குப் போனதா? அரசின் கணக்கில் யார் விவசாயி?

இதை வேளாண்மைக் கேள்வி என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். யாரை அரசு தன் ஏட்டில் எழுதுகிறது, யாரை எழுதாமல் விடுகிறது என்பதைவிட அப்பட்டமான அரசியல் கேள்வி எது? 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான். குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு அதில் இடமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடுவது என்று எங்கே போனாலும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் அடங்கலும் கேட்கிறார்கள்.

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பசலியில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று சொல்லும் ஏடு. ஆய்வேட்டுக்காக அதை முதல்முறை பார்க்கும் மாணவர் பயிரையும் பரப்பையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுவார். பெயரில்தான் நிற்க வேண்டும். பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து பாருங்கள். ஏட்டில் இருப்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். சில இடங்களில் கோயில் பெயரோ மடத்தின் பெயரோ இருக்கும். சேற்றில் நிற்பவர் வேறொருவர். கேட்டால், "பட்டா மெட்ராஸ்ல இருக்கிற ஐயா பேர்ல தம்பி, நமக்கு வாய்ப்பேச்சுதான்" என்பார். ஏட்டுக்கும் வயலுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வேடு.

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சைக்கு மட்டுமென்றே குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பி. சீனிவாச ராவும் மணலி கந்தசாமியும் பண்ணையாட்களையும் குத்தகைக்காரர்களையும் திரட்டி நடத்திய போராட்டங்கள் அதற்கு முன்பே டெல்டாவைக் குலுக்கியிருந்தன. 1955-ல் குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் வந்தது, 1956-ல் நியாய வாரச் சட்டம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டமும் நிறைவேறின. உழுபவரின் பெயரை எழுதிவைக்கச் சட்டம் இயற்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் பெயர் ஏறவில்லை. ஏன்?

ஏனென்றால் பதிவு செய்தால் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு வந்துவிடும், நிலத்தை எளிதில் திரும்ப எடுக்க முடியாது என்று உடைமைக்காரர் அஞ்சுகிறார். பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலமே கிடைக்காது என்று குத்தகைக்காரர் அஞ்சுகிறார். காப்பாற்ற வந்த சட்டமே இரு பக்கமும் மௌனத்தை உண்டாக்கிவிட்டது. இந்த முடிச்சை ஒரு கிராமத்தில், முப்பது நாற்பது குடும்பங்களிடம் பேசி அவிழ்த்துக் காட்டினால் போதும். கோட்பாட்டு அத்தியாயத்துக்குத் தனியாக எங்கும் அலைய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டில் சர்வே எண்ணையும் பெயரையும் போட்டு 'இவர் வாய்மொழிக் குத்தகைக்காரர்' என்று எழுதினால், அந்தக் குடும்பம் நிலத்தை இழக்கக்கூடும். உங்கள் மதிப்பெண்ணுக்காக அவர்கள் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது. 1951 முதல் 1953 வரை தஞ்சையில் ஆய்வு செய்த கேத்லீன் கஃப், தான் தங்கிய இரண்டு ஊர்களுக்கும் கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று மாற்றுப் பெயர் கொடுத்தார். ஆந்த்ரே பெத்தேயின் 'ஸ்ரீபுரம்' என்பதும் மாற்றுப் பெயர்தான். மனிதர்களின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றுங்கள். உண்மைப் பெயர்களைத் தனி நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

பெத்தேயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் எம். என். சீனிவாசின் மாணவராக இருந்த அவர், 1961-62-ல் தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுதான் 1965-ல் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய புகழ்பெற்ற நூலாக வந்தது. அவருக்கு அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் தங்க அனுமதி கிடைத்தது. வெளியாளுக்கு அது பெரிய சலுகை. அந்தச் சலுகையே வேலியாகவும் ஆனது. அக்கிரகாரத்தில் குடியிருப்பவர் என்ற அடையாளத்தோடு அவரால் நினைத்த நேரத்தில் சேரிக்குப் போய் உட்கார்ந்து பேச முடியவில்லை. மற்றத் தெருக்காரர்களும் அவரிடம் இயல்பாகப் பழகவில்லை. அந்தக் குறையை அவர் மறைக்கவில்லை. தான் எங்கே தங்கினேன், அதனால் எது தெரிந்தது, எது தெரியாமல் போனது என்று நூலிலேயே எழுதிவைத்தார். ஆய்வு முறை பற்றிய அத்தியாயம் என்று நம் மாணவர்கள் எதையோ பார்த்து நகல் எடுக்கிறார்களே, அங்கே எழுத வேண்டியது இதைத்தான்.

நீங்கள் அதே ஊர்ப் பிள்ளையாக இருந்தால் இது இன்னும் கூர்மையாகும். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துத்தான் உங்களிடம் பேசுவார்கள். பஞ்சாயத்தில் பெரிய ஆள் ஒருவர் கூடவே வந்து வீடு வீடாக அறிமுகம் செய்துவைத்தால், அன்று கிடைக்கிற பதிலெல்லாம் அவருக்குச் சொன்ன பதில். தனியாகப் போங்கள். கேள்விப் பட்டியலை நீட்டி, "நிவாரணம் வந்ததா? ஆம், இல்லை" என்று டிக் அடிக்காதீர்கள். "வயல் முழுகுனப்ப யாரு வந்து பாத்தாங்க, யாரு பேரை எழுதிக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியில் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

எப்போது போவது என்பதைப் பல்கலைக்கழக அட்டவணை முடிவு செய்யாது, பயிர்தான் முடிவு செய்யும். நான்காம் பருவம் தொடங்குகிற தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை. அப்போது வீட்டில் யாரையும் பிடிக்க முடியாது. அந்த நாட்களைக் கொள்முதல் நிலையத்தில் செலவிடுங்கள். யாருடைய நெல் யார் பெயரில் ஏறுகிறது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று யாருடைய குவியல் களத்திலேயே கிடக்கிறது என்று பாருங்கள். உளுந்து தெளித்து முடிந்த பங்குனியில் வீடுகளுக்குப் போகலாம். மாதந்தோறும் ஆட்சியர் நடத்துகிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் எழுந்து பேசுகிறார்கள், யார் பேசுவதே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காத ஆவணங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு டிசம்பரிலேயே மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள், மேல்முறையீடு என்று போனால் இன்னும் நாளாகும்.

எழுதத் தொடங்கும்போது முன்னுரையில் தொடங்காதீர்கள். வயலில் பார்த்ததை முதலில் எழுதுங்கள். முன்னுரை கடைசியில் தானாக வரும். பல்கலைக்கழகம் அனுமதித்தால் தமிழிலேயே எழுதுங்கள். கல்லூரி வாசலில் தலைப்பைச் சொன்னால் அட்டை போட்டு ஆய்வேட்டையே கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே பணம் கொடுக்கிற பிள்ளை, வாழ்நாளில் ஒரே ஒருமுறை கிடைக்கிற வாய்ப்பை விற்றுவிட்டு வருகிறது. அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

எழுதியதைப் படியெடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பெத்தேயின் நெறியாளர் சீனிவாஸ், மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பகுத்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறைக்கு வைக்கப்பட்ட தீயில் சாம்பலாயின. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன. நினைவிலிருந்தே எழுதி அவர் 1976-ல் நூலாக வெளியிட்டார். எல்லோராலும் அது ஆகிற காரியமில்லை.

மாணவர் எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எழுதிவரச் சொன்னார். அப்படி எழுதப்பட்டவற்றில் கிழக்குத் தஞ்சையின் பாலக்குறிச்சியும் ஒன்று. 1918-ல் அது நூலில் அச்சேறியதால்தான் 1930-களில் மறு ஆய்வுக்குப் போனவர்களால் முந்தைய நிலையோடு ஒப்பிட முடிந்தது. இந்த நூற்றாண்டிலும் ஆய்வாளர்கள் அந்த ஊருக்குத் திரும்பப் போயிருக்கிறார்கள்.

ஆகவே, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஆய்வேட்டைத் துறை அலமாரியோடு விட்டுவிடாதீர்கள். பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றனவா என்று இன்னொருமுறை சரிபார்த்து, ஒரு பிரதியை வட்டாரக் கிளை நூலகத்திலும், இன்னொன்றைத் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.