நூறு நாள் வேலைக்கு ஆதார் வழி ஊதியம்: கிராமப்புறத் தொழிலாளர்களுக்கு என்ன மாற்றம்?

புது தில்லி: மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களுக்கு ஆதார் அடிப்படையிலான முறையில் ஊதியம் வழங்குவது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வரவிருந்த இந்த மாற்றம், பலமுறை அவகாசம் நீட்டிக்கப்பட்ட பின்னரே அமலாகியுள்ளது.

அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஒரு நாளாவது வேலை செய்த 14 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில், 87 சதவீதத்துக்கும் அதிகமானோர் புதிய முறைக்குத் தகுதி பெற்றுவிட்டதாக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அப்போது கூறியது. எனினும், அப்போது எஞ்சியோரின் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைத் தாண்டியது.

மாற்றம் ஏன்?

2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கிய இத்திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில், ஊதியம் பெரும்பாலும் ரொக்கமாகவே வழங்கப்பட்டது. வேலைக்கு வராதவர்களின் பெயரில் பணம் எடுக்கப்படுவதாகவும், இடைத்தரகர்கள் பங்கு கேட்பதாகவும் புகார்கள் எழுந்தன. வங்கிக் கணக்குகளும், இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய வருகைப் பதிவேடுகளும் இத்தகைய முறைகேடுகளைக் கண்டறிய உதவின. அதன் அடுத்த கட்டமே ஆதார் வழி ஊதியம் என்பது அரசின் வாதம்.

பணம் எங்கே தடைபடுகிறது?

பழைய முறையில் தொழிலாளியின் வங்கிக் கணக்கு எண்ணுக்கே பணம் அனுப்பப்பட்டது. புதிய முறையில் ஆதார் எண்ணே முகவரியாகிறது. இதற்கு மூன்று இணைப்புகள் தேவை. வேலை அட்டையுடன் ஆதார் இணைக்கப்பட வேண்டும். இரண்டிலும் உள்ள விவரங்கள் பொருந்த வேண்டும். வங்கிக் கணக்குடன் ஆதார் இணைக்கப்பட்டு, அத்தகவல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் தரவுத்தளத்தில் பதிவாக வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஊதியம் வந்து சேராது.

பெயரின் எழுத்து வேறுபாடே இதில் பெரும் சிக்கலாக உள்ளது. பிகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில், திருமணத்துக்கு முன் 'குமாரி' எனப் பதிவான பெண்ணின் பெயர், திருமணத்துக்குப் பின் வேலை அட்டையில் 'தேவி' என மாறியிருக்கும். கணினிக்கு இவை இரு வேறு பெயர்கள். திட்டத்தின் மொத்த வேலை நாள்களில் பாதிக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை என்பதால், இந்தச் சுமை அவர்கள் மீதே அதிகம் விழுகிறது.

ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தால், கடைசியாக ஆதார் இணைக்கப்பட்ட கணக்குக்கே பணம் செல்லும். அது எந்தக் கணக்கு என்பது பலருக்கும் தெரிவதில்லை. அரசுப் பதிவில் ஊதியம் செலுத்தப்பட்டிருக்கும். தொழிலாளியோ வழக்கமான கணக்கில் பணமில்லை என்று திரும்புவார். விவரமறிய நகரத்து வங்கிக் கிளைக்குச் சென்றால், அன்றைய கூலியும் போய்விடும்.

வருகையும் செயலியில்

பணம் மட்டுமின்றி, வருகைப் பதிவும் கைப்பேசிக்கு மாறியுள்ளது. தேசிய கைப்பேசி கண்காணிப்பு முறை எனப்படும் செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயன்பெறும் பணிகள் தவிர அனைத்துப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும்.

இத்திட்டத்தில் வெட்டிய மண்ணின் அளவு போன்ற கணக்கில்தான் பெரும்பாலும் கூலி நிர்ணயிக்கப்படுகிறது. ஆயினும், கோடையில் அதிகாலையிலேயே பணியை முடித்தவர்கள்கூட இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க நேர்கிறது. சிக்னல் கிடைக்காத மலைக் கிராமங்களில் செய்த வேலையே பதிவாகாமல் போவதாகத் தொழிலாளர்கள் புகார் கூறுகின்றனர். தவிர்க்க இயலாத சூழலில் வருகையை நேரடியாகப் பதிவுசெய்ய மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று அமைச்சகம் விளக்கமளித்துள்ளது. ஆனால், அதற்கான கோரிக்கையுடன் மாவட்ட அலுவலகம் வரை செல்வது தினக்கூலிக்காரருக்கு எளிதன்று.

நீக்கப்பட்ட பெயர்கள்

2022-23-ஆம் நிதியாண்டில் 5 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்களின் பெயர்கள் திட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக மக்களவையில் அரசு தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இது சுமார் 1.5 கோடியாக இருந்தது. போலி அட்டை, இரட்டைப் பதிவு, இறப்பு, நிரந்தர இடப்பெயர்வு, வேலை செய்ய விருப்பமின்மை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. ஆதார் இணைப்பு இலக்கை எட்டும் அவசரத்தில் தகுதியானவர்களும் நீக்கப்பட்டதாகத் தொழிலாளர் அமைப்புகள் குற்றம்சாட்டுகின்றன. ஆதார் வழி ஊதியத்துக்குத் தகுதியில்லை என்ற காரணத்துக்காக வேலை அட்டையை நீக்க முடியாது என்பது அமைச்சகத்தின் நிலைப்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை கேட்ட 15 நாள்களுக்குள் வேலை வழங்க வேண்டும். தவறினால் வேலையின்மைப் படி அளிக்க வேண்டும். வேலை முடிந்த 15 நாள்களுக்குள் ஊதியம் தர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவையில் 0.05 சதவீதம் இழப்பீடு உண்டு. அதன்படி, ரூ.1,500 நிலுவை உள்ளவருக்கு ஒரு நாள் இழப்பீடு 75 காசுகள் மட்டுமே. தாமதம் மத்திய அரசின் கட்டத்தில் நேர்ந்தாலும் இழப்பீடு உண்டு என உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியது. வேலை கோரும் மனுவை எழுத்துவடிவில் அளித்து, தேதியிட்ட ரசீதைப் பெறுவதே இந்த உரிமைகளைக் கோருவதற்கான அடிப்படை ஆவணமாகும்.

தொழில்நுட்பம் தொழிலாளருக்கு எதிரானது என்று பொதுவாகக் கூறிவிட முடியாது. ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய 'ஜன் சூச்னா' இணையதளம், நலத்திட்ட விவரங்களை மக்களே சரிபார்க்க வழிசெய்தது. அங்கே அரசின் பதிவைக் குடிமக்கள் கேள்வி கேட்க இயலும். ஆதார் வழி ஊதியத்திலோ, தாம் செய்த வேலையையும் தம் அடையாளத்தையும் நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியிடமே விடப்பட்டுள்ளது. எழுத்துப் பிழையைத் திருத்தவும், தவறாக நீக்கிய பெயரை மீண்டும் சேர்க்கவும் கிராம ஊராட்சி அளவிலேயே வசதி கிடைத்தால் மட்டுமே, எஞ்சியோருக்கு இந்த மாற்றம் பயனளிக்கும்.