வில்லன் என்றால் பண்ணையாள்!

திரையில் நம்பியாரோ பி. எஸ். வீரப்பாவோ வந்து நின்றால் போதும், கொட்டகையே கொதிக்கும். கதாநாயகியைக் கடத்துகிறவன், ஊரார் சொத்தை அபகரிக்கிறவன், கடைசிச் சண்டையில் உதை வாங்குகிறவன்: வில்லன் என்றால் நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் இந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் என்ன தெரியுமா? பண்ணையில் பாடுபடும் குடியானவன்!

லத்தீன் மொழியில் ‘வில்லா’ என்றால் நிலபுலத்தோடு கூடிய பண்ணை வீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்த குடியானவனை ‘வில்லானுஸ்’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர் வாய்வழியாக அது இங்கிலாந்துக்கு வந்தது. 1066இல் அந்நாட்டைப் பிடித்த நார்மன் மன்னன் வில்லியம், யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆள் என்று 1086இல் கணக்கெடுக்கச் செய்தான். ‘டூம்ஸ்டே’ புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில் வேறெந்தப் பிரிவினரையும் விட அதிகமாகக் குறிக்கப்பட்டவர்கள் இந்தக் குடியானவர்களே. பிரபுக்களுக்குப் பெயர் உண்டு. இவர்களுக்குப் பெரும்பாலும் தலைக்கணக்கு மட்டும்தான்.

அவர்கள் பிழைப்பைக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் இன்னும் கூடுதல். மாவு அரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போகவேண்டும், அதற்கும் கட்டணம். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம். குடும்பத் தலைவன் கண்ணை மூடினால், தொழுவத்தில் இருப்பதில் நல்ல மாடு பிரபுவுக்கு. உத்தரவில்லாமல் பண்ணையை விட்டு வெளியேறக் கூடாது. தாத்தா பாட்டியிடம் பழைய தோட்டத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஒன்றிரண்டு பழகியதாகவே தோன்றும்.

1348இல் கொள்ளைநோய் வந்து மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஆள் பஞ்சம் ஏற்பட்டது, கூலி ஏறியது. பொறுக்குமா முதலாளிகளுக்கு? நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் யாரும் கேட்கக் கூடாது என்று 1351இல் சட்டம் போட்டார்கள். 1381 ஜூன் மாதம், தலைவரியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கவே, வாட் டைலர் தலைமையில் குடியானவர்கள் லண்டன் நகருக்குள் புகுந்தார்கள். 14 வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு அவர்களை விடுவிப்பதாக எழுதிக் கொடுத்தான். டைலர் வெட்டுண்டு, கூட்டம் கலைந்ததும், கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்!

இருந்தாலும் அந்த முறை மெல்லத் தேய்ந்து, 1600 வாக்கில் மறைந்தே போனது. சொல்தான் மறையவில்லை. பண்ணையாள் என்பது நாகரிகமற்றவன் என்றாகி, பிறகு ஈனபுத்திக்காரன் என்றாகி, கடைசியில் நாடகத்திலும் கதையிலும் வரும் கொடியவனுக்குப் பெயராயிற்று.

இது ஒரு சொல்லின் கதி மட்டுமல்ல. முரடனைக் குறிக்கும் ‘பூர்’ என்ற சொல் முன்னே உழவனைக் குறித்தது. ‘சர்ல்’ சாதாரண சுதந்திரக் குடிமகன், பிறகு பண்பில்லாதவன். ‘நேவ்’ சிறுவன், பிறகு வேலைக்காரப் பையன், பிறகு அயோக்கியன். ஆனால் மேலே ஏறியவையும் உண்டு. ‘நைட்’ என்றாலும் முதலில் பையன், ஏவலாள்தான். அவன் குதிரையேறி மன்னனுக்காகப் போர் செய்தான், மரியாதைப் பட்டமாகிவிட்டது. ‘லார்ட்’ ரொட்டியைக் காப்பவன், ‘லேடி’ ரொட்டி மாவு பிசைபவள். அடுப்பங்கரையில் பிறந்த சொற்கள் அரண்மனைக்குப் போய்விட்டன!

உழுதவன் பெயர் மட்டும் ஏன் வசையானது? எழுதுகோல் அவன் கையில் இல்லை என்பதுதான் என் எண்ணம். ‘கிளார்க்’ என்ற சொல்லையே பாருங்கள். அதற்கு முதற்பொருள் கிறிஸ்தவ மத குரு. அந்நாளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பதால், கணக்கு எழுதுகிறவனுக்கும் அதே பெயர் வந்தது. நம் தோட்டத்துக் கிராணியாருக்கு இப்படியொரு பூர்வீகம்!

இவற்றையெல்லாம் தோண்டி எடுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் மர்ரே. ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் தையற்காரரின் மகன். 14 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் தாமே கற்றது. 1879இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். தோட்டத்தில் ஓர் இரும்புக் கொட்டகை போட்டு, ஊர் ஊராக வாசகர்கள் அனுப்பிய துண்டுச் சீட்டுகளை அடுக்கி, எந்தச் சொல் எந்த ஆண்டில் என்ன பொருளில் வந்தது என்று சான்றோடு எழுதினார். பத்தாண்டில் முடியும் என்று எண்ணிய வேலை. முதல் பகுதி 1884இல் வந்தது. 1915இல் மர்ரே காலமானார். அகராதி முடிந்தது 1928இல்.

அந்த அகராதியில் நம்மைத் தொடும் சொல் ஒன்றும் உண்டு: ‘கூலி’. 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ என்ற சொற்களஞ்சியத்திலும் அது இருக்கிறது. அதை ஆக்கிய இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். குஜராத்துப் பக்கத்துக் கோலி இன மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பார் சிலர், நம் தமிழ்க் ‘கூலி’யே மூலம் என்பார் சிலர், இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் பணம். துரைமார் அதை உழைக்கும் ஆளுக்கே பெயராக்கினார்கள். நம்மவரை மட்டுமா? கப்பலில் வந்த சீனரையும் அப்படியே அழைத்தார்கள். இன்றைய ஆங்கில அகராதிகளில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘புண்படுத்தும் சொல்’ என்ற எச்சரிக்கை இருக்கிறது. தமிழிலோ, நாள் முடிந்ததும் கைக்கு வருகிற கூலி இன்றும் கூலியேதான்.