மெல்ல நடந்த தாளம்

சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே, வினாடிக்கு இரண்டு முறை வீதம் கை தட்டிப் பாருங்கள். இது நிமிடத்துக்கு 120 தட்டு. அடுத்து, நான்கு வினாடிக்கு ஐந்து முறை வீதம் தட்டுங்கள். இது நிமிடத்துக்கு 75 தட்டு. முதல் தாளத்தில் கால் துள்ள விரும்புகிறது; இரண்டாவதில் தோள் தளர்கிறது, தலை மெல்ல அசைகிறது. தட்டுகிற கையும் எழுகிற ஓசையும் அவையேதான். மாறியது ஒன்றே ஒன்று: இரண்டு தட்டுகளுக்கு இடையிலிருந்த அரை வினாடி 0.8 வினாடியாகிவிட்டது.

இந்தச் சிறு இடைவெளி ஒரு தீவின் இசையையே மாற்றியது. அத்தீவின் பாடகர் ஒருவரை உலகறியச் செய்த ஒலியும் அங்குதான் உருவாயிற்று. தீவு, கரீபியன் கடலிலுள்ள ஜமைக்கா. பாடகர், பாப் மார்லி. அவருடைய பாடல்களைக் கேட்பவர்கள் இளவெயிலும் கடற்காற்றும் பட்டதுபோல் இருக்கிறது என்பார்கள். அந்த உணர்வு எதனால் ஏற்படுகிறது? இயற்பியலும் உடலியலும் சொல்லும் விடையைக் காண்போம்.

துள்ளலிலிருந்து தளர்வுக்கு

ஜமைக்கா 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடுதலை பெற்றது. அந்நாளில் தலைநகர் கிங்ஸ்டனில் கொடிகட்டிப் பறந்த இசை ‘ஸ்கா’. அது ஊதுகருவிகள் முழங்கும் துள்ளல் இசை. பல பாடல்கள் நிமிடத்துக்கு 120 தட்டுகளையும் தாண்டி ஓடும். தாழ்ந்த சுருதி தரும் பாஸ் கருவி, தட்டுக்கு ஒரு சுரமாக இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும். 1945-இல் பிறந்த மார்லியும், வெய்லர்ஸ் என்ற குழுவில் இருந்த அவருடைய நண்பர்களும் 1964-இல் முதன்முதலாகப் புகழ்பெற்றது ஒரு ஸ்கா பாட்டால்தான்.

1965-இல் ஸ்கட்டலைட்ஸ் என்ற பெரிய ஸ்கா குழு கலைந்தது. அடுத்த ஆண்டில் சிறிய குழுக்கள் மேலோங்கின. ஊதுகருவிகள் குறைந்தன, மின் பாஸ் கிதார் முன்னுக்கு வந்தது, தாளம் தளர்ந்தது. ஹோப்டன் லூயிஸ் 1966-இல் பாடிய ஒரு பாட்டையே இந்தப் புதிய நடையின் முதற்பாட்டாகப் பலர் குறிப்பிடுகின்றனர். டிரினிடாடிலிருந்து வந்து குடியேறிய கிதார் கலைஞர் லின் டெய்ட் அதற்கு வாசித்தார். ஆல்டன் எல்லிஸ் பாடிய பாடலொன்றின் பெயரால் இந்த நடை ‘ராக்ஸ்டெடி’ என்று வழங்கலாயிற்று. அந்த ஆண்டின் கோடை கடுமையாக இருந்ததால் ஆடுவோர் களைத்துப்போய்த் தாளத்தைத் தளர்த்தச் சொன்னார்கள் என்றொரு கதை உண்டு. கதை சுவையானதுதான். ஆனால் ஜமைக்காவில் வெப்பம் ஆண்டுதோறும் இருப்பது. குழுவின் அமைப்பும் கருவிகளும் மாறியதுதான் அந்த ஆண்டில் புதியது.

அந்த 1966-இல் மார்லி ஊரில் இல்லை. தாயார் வாழ்ந்த அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துக்குச் சென்று சில மாதங்கள் கூலிவேலை செய்தார். அக்டோபரில் அவர் திரும்பியபோது, ஊர் வேறொரு தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது!

இடைவெளியில் நடப்பது என்ன?

பாஸ் கிதாரின் மிகத் தடித்த நரம்பை மீட்டினால் அது வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அரை வினாடி இடைவெளியில் அது சுமார் 20 முறை அதிரலாம், 0.8 வினாடி கிடைத்தால் 33 முறை. தாழ்ந்த சுரத்தின் ஒவ்வோர் அதிர்வும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்வது. ஆகவே அந்தச் சுரம் முழுமையாக எழுந்து, நிறைந்து, அடங்குவதற்குக் காலம் வேண்டும். விரைந்த தாளத்தில் முதற்சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் வந்து மோதுகிறது. தளர்ந்த தாளத்தில் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கிறது.

எனவே ராக்ஸ்டெடியில் பாஸ் கருவி ஓயாமல் நடப்பதை விட்டது. நான்கைந்து சுரங்களைச் சொல்லி, சற்று நிறுத்தி, மீண்டும் சொல்லத் தொடங்கியது. பின்னணியில் இருந்த கருவி தானே ஒரு பாட்டைப் பாடுவதுபோல் ஆயிற்று. பாடகரின் சொற்களுக்கும் இடம் கிடைத்தது. 1968-ஐ ஒட்டி இந்த நடையிலிருந்தே ‘ரெகே’ பிறந்தது.

பெரிய பெட்டிகளின் தேவை

தாழ்ந்த ஒலியை எழுப்புவது எளிதன்று. வினாடிக்கு 400 அதிர்வுள்ள ஒலியையும் 40 அதிர்வுள்ள ஒலியையும் ஒரே அழுத்தத்தில் எழுப்ப வேண்டுமானால், பின்னதற்கு ஒலிபெருக்கி 100 மடங்கு கூடுதலான காற்றைத் தள்ளவேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் தள்ளவேண்டிய காற்று நான்கு மடங்காகும் என்பது விதி. போதாக்குறைக்கு, நம் செவி தாழ்ந்த ஒலிகளை மந்தமாகவே உணர்கிறது. சிறிய வானொலிப் பெட்டியில் பாஸ் ஒலி சரியாகக் கேட்காததற்குக் காரணம் இதுதான்.

கிங்ஸ்டன் ஏழைகளுக்கு இசையரங்கு தெருதான். இசைத்தட்டுச் சுழலியும் மரத்தாலான பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளும் கொண்ட ‘சவுண்ட் சிஸ்டம்’ என்ற ஏற்பாட்டைச் சுற்றி மக்கள் கூடி ஆடுவார்கள். அத்தகைய ஏற்பாடுகளை நடத்திய டியூக் ரீட், கிளெமெண்ட் டாட் போன்றோரே இசைத்தட்டுகளையும் தயாரித்தனர். பெரிய பெட்டிகள் இருந்தமையால் அவர்களால் பாஸ் ஒலியை நம்பி இசை அமைக்க முடிந்தது.

41 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை வீட்டு மூலைகளிலும் சந்துகளிலும் எளிதாக வளைந்து செல்லும். தொலைவில் நடக்கும் விழாவில் பாட்டு கேட்காவிட்டாலும் பெரிய மேளத்தின் ‘தும் தும்’ நம்மை எட்டுகிறதல்லவா? அதைப்போலவே பாஸ் ஒலி பல தெருக்களைக் கடந்து சென்று மக்களை அழைத்தது.

முதல் எண்ணில் மௌனம்

மார்லியின் ஒலியை முழுமையாக்கியவர்கள் உடன்பிறந்தார் இருவர்: பாஸ் கிதார் வாசித்த ஆஸ்டன் பாரெட்டும் முழவுகள் வாசித்த கார்ல்டன் பாரெட்டும். 1970-ஐ ஒட்டி இவர்கள் வெய்லர்ஸ் குழுவோடு இணைந்தனர். ‘ஒன் டிராப்’ எனப்படும் முழவு நடை கார்ல்டனின் கையில் சிறப்புப் பெற்றது.

அதைக் கையாலேயே அறியலாம். முன்பு போட்ட 75 கணக்கில் இரண்டு தட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பாதியாக்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணுங்கள். ‘ஒன்று’ என்னுமிடத்தில் முழவு பேசாது. ‘இரண்டு’, ‘நான்கு’ ஆகியவற்றில் கிதார் சுருக்கென்று வெட்டும். ‘மூன்று’ என்னும்போதுதான் பெருமுழவு விழும். நாம் அழுத்தத்தை எதிர்பார்க்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது, உடலும் அசைகிறது.

முழவு பேசாத நேரத்திலும் தாளம் தவறுவதில்லையே, எப்படி? பாஸ் துணை நிற்கிறது. உயர்ந்த சுரமும் தாழ்ந்த சுரமும் சேர்ந்து ஒலிக்கும்போது, தாழ்ந்த சுரத்தின் கால மாற்றத்தையே நம் மூளை நுட்பமாகக் கண்டுகொள்கிறது என 2014-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் மற்றொன்றைக் கண்டனர். ஓர் இசை நிகழ்ச்சியின் நடுவே, செவிக்குத் தெரியாத மிகத் தாழ்ந்த அதிர்வுகளை அவ்வப்போது எழுப்பினர். அவ்வேளைகளில் கூட்டத்தினரின் ஆட்டம் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியது. ஆடியவர்கள் காரணத்தை அறியவில்லை!

உடல் சொல்லும் சாட்சி

இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் உடனிருந்தோரும் 24 பேருக்குப் பலவகை இசையைக் கேட்கச் செய்து, 2006-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். விரைந்த இசை மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டியது. இசையின் வகையைவிட அதன் வேகமே பெரிதும் வேலை செய்தது. அவர்களுடைய ஆய்வில் வியப்பானது வேறொன்று. இசைக்கு நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்தில், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இசைக்கு முன்பிருந்த அளவைவிடவும் கீழே இறங்கின. ஓசையை அடுத்து வரும் ஓய்வு, வெறும் ஓய்வைவிட ஆழமானது. சில நூறு மில்லி வினாடி இடைவெளியும் இரண்டு நிமிட மௌனமும் ஒன்றல்ல என்பதை மறக்கலாகாது. இசை மருந்துக்கு மாற்றுமன்று. ஆனால் தாளத்தின் வேகத்தை உடல் கவனிக்கிறது என்பதில் ஐயமில்லை.

தளர்வு, சோம்பலா?

இத்தகைய இசையைக் கேட்டு, ‘கவலையற்ற மக்களின் பாட்டு’ என்று நினைப்பவர் பலர். வரலாறு வேறு கூறுகிறது. மார்லி வளர்ந்த டிரெஞ்ச் டவுன், கிங்ஸ்டனின் வறுமை மிக்க பகுதி. அரசியல் மோதல்கள் முற்றியிருந்த 1976-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், துப்பாக்கி ஏந்திய சிலர் அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டனர். மார்லியும் அவர் மனைவியும் காயமுற்று உயிர் தப்பினர். இரண்டு நாள் கழித்து, அந்தக் காயத்துடனேயே அவர் மேடையேறிப் பாடினார். பின்னர் நாட்டைவிட்டு இலண்டன் சென்றார்.

அங்கிருந்து 1977-இல் ‘எக்ஸோடஸ்’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. மூன்று சிறு பறவைகளைப் பற்றிய பாட்டு அதில்தான் உள்ளது. மார்லியின் பாடல்களுள் மிக இளவெயிலானது எது என்று கேட்டால் பலரும் அதையே சொல்வார்கள். அதன் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 தட்டு. கட்டுரையின் தொடக்கத்தில் நீங்கள் தட்டிய அதே தாளம். குண்டுகளிலிருந்து தப்பிச் சில மாதங்களே ஆன ஒருவர், அஞ்சாதே என்று பிறருக்குச் சொல்லத் தேர்ந்தெடுத்த வேகம் அது. விரைந்து சொல்லியிருந்தால் அச்சொல்லை நாம் நம்பியிருப்போமா?

மார்லி 1981-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், 36-ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜமைக்காவின் ரெகே இசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இனி அந்த இசையைக் கேட்க நேரும்போது பெரிய ஒலிபெருக்கியில் கேளுங்கள். பாடகரின் குரலைச் சற்று விட்டுவிட்டுப் பாஸ் ஒலியை மட்டும் பின்தொடருங்கள். அது எங்கே பேசுகிறது என்பதோடு, எங்கே நிறுத்துகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.