விசைப்பலகையும் விரலும்

மனிதர் கணினிகளை எவ்வாறு கையாளுகின்றனர் என ஆராய்ந்து, அவற்றை மனிதருக்கு இசைவாக வடிவமைக்கும் துறையே மனித-கணினி ஊடாட்டம். கணினிக்கு முன்பே, தமிழ்த் தட்டச்சுப்பொறியில் இத்தகைய பணியைச் செய்தவர், 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா ஆவார். தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை அமைக்க இயலாதென்பதால், அழுத்தினாலும் தாளை நகர்த்தாத ‘நகரா விசை’யில் சில குறிகளை அமைத்து, அவற்றை அடுத்த எழுத்தோடு ஒரே இடத்தில் பதியச் செய்தார். பொறியியலைவிட, தட்டச்சாளரின் விரலையும் கண்ணையும் அறிந்த நுட்பமே இதில் பெரிது. பயனர் சோதனை, மொழியியல், நிரலாக்கம், பழகிய தரவிலிருந்து அடுத்த சொல்லை ஊகிக்கும் நுண்ணறி மென்பொருள் ஆகியன இன்று மனித-கணினி ஊடாட்டத் தொழிலுக்கு வேண்டியவை; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞான மாணவர்கள் இத்துறையையும் கருத்தில் கொள்ளலாம்.